கொல்லனுக்கு எப்போது ஷிஃப்ட் முடியும்?

1

2019 நவம்பரில் வேலை விஷயமாக மூன்று வாரம் நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரத்தில் இருந்தேன். புதுச்சேரியில் உட்கார்ந்து நாங்கள் கோட் எழுதித் தரும் கிளையன்ட் அங்கேதான் இருந்தது. போன இரண்டாம் நாள், அந்த ஊர்க்காரர் ஒருவர் போகிறபோக்கில் "டுமாரோ, ஹாஃப் லெவன்" என்றார். பதினொன்றரை என்று குறித்துக்கொண்டு மறுநாள் பதினொன்றே காலுக்கே போய் நின்றேன். கூட்டம் முடிந்து, காபிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

டச்சு மொழியில் 'பாதிப் பதினொன்று' என்றால் பத்தரை. பத்து முடிந்து, பதினொன்றை நோக்கிப் பாதி தூரம் வந்தாயிற்று என்று கணக்கு. ஆங்கிலம் பேசும்போதும் சிலருக்கு அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. நாம் பத்தரை என்கிறோம். பத்து கையில் இருக்கிறது, மேலே ஒரு அரை. கடந்ததை எண்ணுகிறவர்கள் நாம். அவர்கள் வரப்போவதை எண்ணுகிறார்கள். முதல் சந்திப்பிலேயே லேட்டாக வந்த இந்தியன் என்ற பெயரோடு அறைக்குத் திரும்பியபோது இந்த மொழியியல் நுட்பத்தை ரசிக்கும் மனநிலையில் நான் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, போக வேறு இடம் தெரியாமல், ஸ்பேல்க்ளொக் அருங்காட்சியகத்துக்குப் போனேன். தானாக இசைக்கும் கருவிகளுக்கு மட்டுமே ஆன இடம். ஒரு பழைய இடைக்காலத் தேவாலயத்துக்குள் இருக்கிறது. தெருவில் தள்ளிக்கொண்டு போகும் பெரிய ஆர்கன்கள், இசைப்பெட்டிகள், தானே வாசிக்கும் பியானோக்கள், அப்புறம் கடிகாரங்கள். வழிகாட்டிப் பெண் ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் காட்டிக்கொண்டே வந்தார். ஆளை விட உயரமான, வால்நட் மரத்தில் செய்த ஒரு கடிகாரத்தின் முன் நின்றிருந்தோம். திடீரென்று உள்ளே ஒரு சின்ன மணி அடிக்கத் தொடங்கியது. எண்ணினேன். பன்னிரண்டு. போனை எடுத்துப் பார்த்தால் பதினொன்றரை.

"ரிப்பேரா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். பழைய டச்சுக் கடிகாரங்களில் முழு மணி பெரிய மணியில் அடிக்கும். அரை மணிக்கு, வரப்போகும் மணியின் எண்ணிக்கையைச் சின்ன மணியில் அடிக்கும். பதினொன்றரைக்குச் சின்ன மணியில் பன்னிரண்டு. அடுத்த அரை மணி நேரத்தில் பெரிய மணியில் இன்னொரு பன்னிரண்டு. கடிகாரமும் 'பாதிப் பன்னிரண்டு' என்றுதான் பேசுகிறது.

அன்றைக்கு அந்தக் கடிகாரத்தோடு எனக்கு ஒரு சொந்தப் பகை ஏற்பட்டது. இந்தக் கட்டுரை அந்தப் பகையிலிருந்து தொடங்குகிறது. அது அழகான பொருள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

2

ஊசல் கடிகாரம் டச்சுக்காரர்களின் கண்டுபிடிப்பு. 1656 இல் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் அதை வடிவமைத்தார். அடுத்த ஆண்டு ஹேக் நகரக் கடிகாரக் கலைஞர் சாலமன் கோஸ்டர் செய்து விற்கத் தொடங்கினார். அதுவரை ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் வரை பிசகிய கடிகாரம், சில விநாடிகள் மட்டுமே பிசகும் கருவியாக மாறியது. அதற்கு அடுத்த நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாம் வணிகர்களின் வீட்டுக் கூடங்களில் நின்ற கடிகாரங்கள், இந்தத் துல்லியம் பழகிப்போன பிறகு வந்தவை. துல்லியம் இனி ஆச்சரியமில்லை என்று ஆனதும் அலங்காரம் வந்து சேர்ந்தது.

உச்சியில் உலக உருண்டையைச் சுமக்கும் அட்லஸ், இரண்டு பக்கமும் எக்காளம் ஊதும் தேவதைகள். முகப்பில் நேரம், தேதி, நிலவின் பிறை. முகப்புக்கு மேலே வளைவான ஒரு சின்ன மேடை. அதில் வண்ணம் தீட்டிய கடல், கடலில் ஆடும் கப்பல், சுழலும் காற்றாலை, தூண்டிலைத் தூக்கித் தூக்கி இறக்கும் மீனவன். சிலவற்றில் பாட்டுகளின் பெயர்களைப் பொறித்த ஒரு தட்டும் முள்ளும் இருக்கும். மினுவே, மார்ச், ஆரியா என்று எது வேண்டுமோ அதற்கு முள்ளைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். மணி அடிக்கும் முன்போ பின்போ அந்தப் பாட்டு வரும்.

உள்ளே மூன்று எடைகள் தொங்கும். ஒன்று நேரத்தை ஓட்ட, ஒன்று மணியை அடிக்க, ஒன்று இசைக்கு. இசைக்கான எடை ஒரு பித்தளை உருளையைச் சுழற்றுகிறது. உருளை முழுக்கச் சின்னச் சின்ன முட்கள். ஒவ்வொரு முள்ளும் ஒரு சுத்தியலின் வாலைத் தூக்கிவிட, சுத்தியல் தன் மணியில் விழுகிறது. பாட்டை மாற்றினால் உருளை பக்கவாட்டில் ஒரு நூலளவு நகரும். அவ்வளவு நேரம் சும்மா இருந்த இன்னொரு வரிசை முட்கள் வேலைக்கு வரும். ஒரே உருளையில் பல பாட்டுகள், ஒன்றுக்கு ஒன்று இடைவெளியில் ஒளிந்துகொண்டு. வேகம் கூடாமல் பார்த்துக்கொள்ள ஒரு சின்ன விசிறி காற்றை எதிர்த்துச் சுழலும்.

என்னைப் போன்ற ஆட்கள் இதைப் பார்த்ததும் 'அட, புரோகிராம்!' என்று துள்ளுவோம். நானும் துள்ளினேன். இந்த ஒப்புமை சரிதான், ஆனால் சீக்கிரம் அலுத்துவிடும். மேலான கேள்வி வேறு. இந்த இசை எப்படி இருக்கிறது?

உண்மையைச் சொன்னால், சுமார்தான். சுத்தியல் எல்லா மணியையும் ஏறக்குறைய ஒரே விசையில் அடிக்கிறது. மணிக்கு அமைதியாகத் தெரியாது. ஒரு ஸ்வரம் அடங்குவதற்குள் அடுத்தது அதன்மேல் ஏறிவிடுகிறது. ஒரு மினுவேவை முதல் முறை கேட்க இனிமை. அதையே ஒவ்வொரு மணிக்கும், வாரக்கணக்கில் கேட்ட வீட்டாரை நினைத்துப் பார்த்தேன். பாட்டை மாற்றும் முள் எதற்கு இருக்கிறது என்று புரிந்தது.

அந்த இசையின் மதிப்பு அது எங்கிருந்து வந்தது என்பதில் இருக்கிறது. டச்சு நகரங்களில் கோபுரத்தில் மணிவரிசை வைப்பது பழைய வழக்கம். ஹெமோனி சகோதரர்கள் 1644 இல் ஸுட்ஃபன் நகரத்துக்காகச் சுருதி சேர்த்த முதல் மணிவரிசையை வார்த்தார்கள். உத்ரெக்டின் டோம் கோபுரத்திலும் அவர்கள் வார்த்த மணிகள் இருக்கின்றன. நான் தங்கியிருந்த அறைக்கு அந்தச் சத்தம் இரவிலும் வரும். கோபுரத்து மணி பணக்காரனுக்கும் படகோட்டிக்கும் ஒரே நேரத்தில், இலவசமாக, வேண்டாம் என்றாலும் கேட்கும். அதே உருளை, அதே முட்கள், அதே சுத்தியல்கள் சின்னதாகி ஒரு மரப்பெட்டிக்குள் போய், ஒரு வீட்டின் கூடத்தில் நிற்கின்றன. ஊரின் நேரத்தை ஒருவர் தன் வீட்டுக்குள் வாங்கி வைத்துக்கொண்டார். இந்தக் கடிகாரத்தின் அந்தஸ்து அதில்தான் இருக்கிறது. இசை அதற்கான ரசீது.

3

இனி பொம்மைகளுக்கு வருகிறேன். இவற்றைப் பற்றி எழுதும் ஏல நிறுவனப் பட்டியல்கள் 'வசீகரமான' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடும். வசீகரம் உண்மைதான். ஊசலோடு இணைத்த கப்பல் ஒவ்வொரு 'டிக்'குக்கும் ஒரு பக்கம், 'டக்'குக்கு மறுபக்கம் சாய்கிறது. முகப்பில் முள் நகர்வதைக் கண்ணால் பார்க்க முடியாது. கப்பல் ஆடுவதைப் பார்க்க முடியும். கடிகாரம் உயிரோடு இருக்கிறது என்பதைக் குழந்தைக்கும் சொல்லும் உறுப்பு அது. ஒரு வடிவமைப்பாளனாக எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

ஆனால் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றால் ஒன்று கண்ணில் படும். இந்த மேடையில் அசைகிறவர்கள் பெரும்பாலும் வேலை செய்கிறவர்கள். மீன் பிடிப்பவன், ஆலை ஓட்டுபவன், கப்பலில் போகிறவன். கடிகாரத்தின் சொந்தக்காரர் அதில் இல்லை. அவர் எதிரே நாற்காலியில் இருக்கிறார். யாரோ உழைத்துக்கொண்டே இருக்கும் காட்சி அவருக்கு ஓய்வாக இருக்கிறது. அந்த உழைப்புக்கு வியர்வை இல்லை, கூலி இல்லை, பின்னணியில் மினுவே வேறு.

ஈ.பி. தாம்ஸன் 1967 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று, கடிகாரம் எப்படித் தொழிலாளியின் உடலுக்குள் ஒழுங்கைப் புகுத்தியது என்று பேசும். நம் பக்கத்திலும் பலர் அதை மேற்கோள் காட்டுவார்கள். அந்தக் கண்ணாடியை அப்படியே இந்தக் கடிகாரத்துக்கு மாட்டினால் பொருந்தாது. இது யாரையும் விரட்டவில்லை, வேலைக்கு அழைக்கவில்லை. இது விளையாட்டுச் சாமான். ஆலைச் சங்கு வேலை செய்கிறவனிடம் பேசுகிறது என்றால், இந்தக் கடிகாரம் வேலை செய்ய வைக்கிறவரிடம் பேசுகிறது. வேலை இனிமையாக, ஒரே தாளத்தில், நிற்காமல் நடந்துகொண்டிருக்கிறது என்று அவருக்கு மணிக்கு மணி ஆறுதல் சொல்கிறது.

கப்பலுக்குத் திரும்புவோம். அது எங்கேயும் போய்ச் சேர்வதில்லை. ஆடிக்கொண்டே இருக்கிறது. உத்ரெக்டில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு புதுச்சேரிக்காரனுக்கு வர வேண்டிய கேள்வி வந்தது. இது எங்கே போகிறது?

எல்லாக் கப்பலும் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் அல்ல. சில மேடைகளில் இருப்பது உள்ளூர்த் துறைமுகத்தின் மீன்பிடிப் படகுகள்தான். ஆனாலும் அந்தக் கூடங்களுக்குப் பணம் வந்த வழிகளில் ஒன்று நம் கரை. டச்சுக்காரர்கள் 1613 இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1658 இல் நாகப்பட்டினத்தைப் பிடித்து 1781 வரை வைத்திருந்தார்கள். சதுரங்கப்பட்டினத்திலும் அவர்களுக்குக் கோட்டை இருந்தது. சோழமண்டலக் கரையின் துணியை வாங்கிக் கொண்டுபோய்த் தென்கிழக்குத் தீவுகளில் கொடுத்து மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். 17 ஆம் நூற்றாண்டுப் பஞ்சங்களின்போது பழவேற்காட்டிலிருந்து ஆயிரக்கணக்கான மனிதர்களையும் அடிமைகளாகப் படேவியாவுக்கு ஏற்றினார்கள்.

என் ஊரும் அவர்கள் கையில் இருந்தது. 1693 இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து புதுச்சேரியைப் பிடித்தார்கள். 1697 உடன்படிக்கைக்குப் பிறகு 1699 இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். இடைப்பட்ட ஆறு வருடங்களில் ஊருக்கு ஒரு வரைபடம் போட்டார்கள். தெருக்கள் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும் கட்டம் கட்டமான அமைப்பு. இன்றைக்கு எல்லாரும் 'பிரெஞ்சு டவுன்' என்று போட்டோ எடுக்கும் நேர்த்தெருக்களின் கணக்கு அந்த டச்சு வரைபடத்தில் இருக்கிறது.

அதே கப்பலைக் கரையிலிருந்து பார்த்த ஒருவர் நமக்கு இருக்கிறார். துய்ப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு. அவர் பார்த்தவை பெரும்பாலும் பிரெஞ்சுக் கப்பல்கள். ஆனால் அவர் எழுத்தில் கப்பல் ஆடிக்கொண்டு நிற்பதில்லை. அது வருகிறது. வந்ததும் குண்டு போடுகிறார்கள். எத்தனை குண்டு என்று எழுதுகிறார். புதுச்சேரிக்கு அன்று துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட, சலங்குகள் அலையைக் கடந்து போய்ச் சரக்கை ஏற்றி இறக்கும். துணிக்கட்டுகள், விலை, தரகு, யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்ற வம்பு, எல்லாம் அதில் உண்டு.

ஆம்ஸ்டர்டாம் கடிகாரத்தையும் இந்த நாட்குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், 18 ஆம் நூற்றாண்டின் இரண்டு பக்கங்கள் தெரிகின்றன. அங்கே கப்பல் அழகு; இங்கே கப்பல் சரக்கு. இங்கே நெய்தவர் யார், சலங்கு தள்ளியவர் யார் என்பதற்கு அந்த வளைவு மேடையில் இடம் இல்லை. ஒரு சின்ன நெசவாளிப் பொம்மை இருந்தால் எவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும்! தறியும் ஊசலும் ஒரே மாதிரி ஆடுகிறவை. செய்வதும் சுலபம். யாரும் செய்ய நினைக்கவில்லை. மேடையில் யார் அசைகிறார்கள் என்பதைப் போலவே யார் அசையவில்லை என்பதும் விமர்சகன் பார்க்க வேண்டிய விஷயம்.

4

அசையும் பொம்மை நமக்குப் புதிதல்ல. சீவக சிந்தாமணியில் மயிற்பொறி பறக்கிறது. நெடுநல்வாடையில் யவனர் செய்த பாவை கையில் விளக்கு ஏந்தி நிற்கிறது. அது அசையாத பொம்மை, ஆனால் அதுவும் பணிப்பெண்தான். நேரம் சொல்வதற்கோ நம்மிடம் மனிதர்களே இருந்தார்கள். முல்லைப்பாட்டில் பாசறையில் இருக்கும் அரசனுக்கு நாழிகைக் கணக்கர்கள் நீர்க் கன்னலைப் பார்த்து நேரம் சொல்கிறார்கள். நேரம் என்பது ஒருவர் வாயால் இன்னொருவருக்குச் சொல்லப்பட்ட செய்தி.

எனக்கு மிகவும் பிடித்த தமிழ் எந்திரம் பெருங்கதையில் வருகிறது. யானைகளை யாழால் வசப்படுத்தும் உதயணனைப் பிடிக்க, பிரச்சோதனன் ஒரு பொய் யானையைச் செய்து அனுப்புகிறான். உதயணன் அது நிஜ யானை என்று நம்பிக் கிட்டே போகிறான். உள்ளே ஆட்கள் ஒளிந்திருக்கிறார்கள். கொங்குவேளிர் ஒரு பெரிய உண்மையைப் போகிறபோக்கில் வைத்துவிட்டார். தானாக அசைகிறது என்று சொல்லப்படும் எதையும் பார்த்தால், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வியை நேருக்கு நேர் கேட்கும் ஒரு பொருள் லண்டனில் இருக்கிறது. திப்புவின் புலி. ஐரோப்பியன் ஒருவன்மேல் பாய்ந்து நிற்கும் மரப்புலி. உள்ளே ஒரு சின்ன ஆர்கன். 1799 இல் ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்தபோது எடுத்துப் போனார்கள். கைப்பிடியைச் சுற்றினால் அந்த மனிதனின் கை மேலும் கீழும் போகும், அவன் அலறுவான், புலி உறுமும். வீடியோவில்தான் பார்த்திருக்கிறேன். அதன் மரவேலை டச்சுக் கடிகாரத்தின் நுட்பத்துக்குப் பக்கத்தில் வராது. ஆனாலும் கலையாக அது ஒரு படி மேலே என்பேன். ஏனென்றால் அது தானாக ஓடுவதாகப் பாவனை செய்வதில்லை. அலறல் கேட்க வேண்டுமென்றால் நீங்கள் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். உங்கள் கை அதில் தெரிகிறது. டச்சுக் கடிகாரத்தில் எடையை ஏற்றிவிட்டுப் போகும் கையை யாரும் பார்ப்பதில்லை.

5

ஒரு வாக்குமூலம் தர வேண்டியிருக்கிறது.

2021. வீட்டிலிருந்து வேலை. உத்ரெக்டுக்கும் நமக்கும் குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம், கோடையில் மூன்றரை. அவர்கள் வருடத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தைத் திருப்பினால், லாஸ்பேட்டையில் என் சாப்பாட்டு நேரம் மாறும். சாட் மென்பொருளில் நம் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி உண்டு. சில நிமிடம் கீபோர்டைத் தொடாவிட்டால் மஞ்சளாகிவிடும். யோசிப்பதற்குக் கீபோர்டு தேவையில்லை. ஆனால் யோசித்துக்கொண்டிருந்தால் நான் வேலையில் இல்லை என்று அர்த்தம். மேலாளர் ஒருவர் ஒரு நாள், "நேத்து மூணு மணியிலிருந்து ரொம்ப நேரம் எல்லோவா இருந்தீங்களே" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு மேலே இருந்தவர் அவரிடம் கேட்டிருப்பார்.

அன்றைக்கு இரவு பன்னிரண்டு வரியில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். சில நிமிடத்துக்கு ஒரு முறை மவுஸை ஒரு புள்ளி இடது பக்கம் நகர்த்தும், பிறகு வலது பக்கம். அவ்வளவுதான். பச்சைப் புள்ளி பச்சையாகவே இருக்கும்.

சில மாதம் கழித்து அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். லீவு கேட்க முடியாத வாரம். ஆஸ்பத்திரி வராந்தாவில் மடிக்கணினியை மடியில் வைத்து ஸ்கிரிப்டை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா ஒரு கண்ணில் கட்டோடு வெளியே வந்தவர், நகரும் அம்பைப் பார்த்தார்.

"யாருடா நகத்துறது?"

"அதுவா நகருதுப்பா. நான் வேலை செய்யற மாதிரி காட்டும்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்பா முப்பது வருடம் பஞ்சாலையில் ரிங் ஃப்ரேமில் நின்றவர். ஆலைச் சங்குதான் எங்கள் வீட்டுக்குக் கடிகாரம். பிறகு சொன்னார்: "நாங்க மெஷினு ஓடுதான்னு பாக்க நின்னோம். நீ ஓடறியான்னு பாக்க மெஷினு நிக்குது."

அப்போதுதான் உத்ரெக்ட் கப்பல் ஞாபகம் வந்தது. இடது, வலது. எங்கேயும் போகாமல், ஓடுகிறது என்பதை மட்டும் காட்டும் அசைவு. நான் செய்தது அதே உறுப்பு. யாரோ ஒருவர் ஏறக்குறைய ஐயாயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்து பார்க்கும் வளைவு மேடையில், என்னையே ஒரு பொம்மையாகச் செய்து வைத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்பதுதான் வெட்கம்.

புதுச்சேரியில் வேலை நேரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1936 ஜூலை 30 அன்று பஞ்சாலைத் தொழிலாளர்கள்மீது பிரெஞ்சு அரசின் படை சுட்டதில் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். வ. சுப்பையா முன்னின்ற அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 1937 இல் எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஆசியாவிலேயே முதலில் இங்கேதான் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள், அப்பாவும் சொல்வார். 1898 இல் தொடங்கிய ரோடியர் மில், பின்னாளைய ஏ.எஃப்.டி., 2020 இல் மூடப்பட்டது. எட்டு மணி நேரத்தை உயிர் கொடுத்து வாங்கிய ஊரில் உட்கார்ந்து, பத்து மணி நேரம் பச்சையாக எரிவதற்கு ஸ்கிரிப்ட் எழுதியவன் நான்.

6

2023 இல் அப்பாவை ஹைதராபாத் கூட்டிப் போனேன். சாலார் ஜங் அருங்காட்சியகத்தின் இசைக் கடிகாரத்தைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. இது டச்சு அல்ல, இங்கிலாந்தில் செய்தது. கல்கத்தாவின் குக் அண்ட் கெல்வி பெயர் தாங்கியது. ஆளுயரமும் இல்லை. ஆனால் அந்த வகைக் கடிகாரம் ஒன்றை இந்தியாவில் சாதாரண ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் பார்ப்பது இங்கேதான். மூன்றாம் சாலார் ஜங் மீர் யூசுப் அலி கானின் சேகரிப்பு. 1951 இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

கடிகாரத்தின் ஒரு பக்கம் ஒரு கொல்லன் விநாடிக்கு விநாடி சுத்தியலால் அடித்துக்கொண்டே இருக்கிறான். மணி நெருங்கும்போது மறுபக்கத்துக் கதவிலிருந்து தாடி வைத்த காவல்காரன் ஒருவன் வருகிறான். மணிக்கு எத்தனையோ அத்தனை முறை அடிக்கிறான். திரும்பி உள்ளே போய்விடுகிறான்.

பன்னிரண்டு மணிக்குத்தான் நல்ல கூட்டம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். பதினொன்றரைக்கே போய் உட்கார்ந்துவிட்டோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள், பர்தா அணிந்த பாட்டிகள், ஆந்திராவிலிருந்து வந்த ஒரு பெரிய குடும்பம். எல்லாரும் ஒரு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உத்ரெக்டில் நாங்கள் எட்டுப் பேர் இருந்தோம். இங்கே நூற்றுக்கும் மேல் இருக்கும். ஒரு நவாபின் கூடத்துக்காக வாங்கிய பொருள், மறுபடி ஊருக்கே மணியடிக்கிறது. கோபுரத்திலிருந்து கூடத்துக்குப் போனது இங்கே கூடத்திலிருந்து முற்றத்துக்கு வந்துவிட்டது. இந்த ஒரு காரணத்துக்காகவே, நான் பார்த்த கடிகாரங்களில் இதற்கு முதலிடம் தருவேன். பொம்மை வேலை அதைவிட நுட்பமாக ஆம்ஸ்டர்டாமில் செய்திருக்கிறார்கள். ஆனால் ஒரு கடிகாரத்துக்கு முன்னால் முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து உட்கார்ந்து காத்திருப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

காவல்காரன் வந்தான். நூறு போன்கள் மேலே எழுந்தன. அடித்தான். பிள்ளைகள் சத்தமாக எண்ணினார்கள். அரண்மனை வாசலில் நாழிகைக்கு ஒரு தடவை வெண்கலத் தட்டை அடிக்க ஆள் வைத்திருந்த நாடு இது. அந்த ஆளின் வேலை போய், அவன் உருவம் மட்டும் பொம்மையாக மிஞ்சியிருப்பது போல எனக்குப் பட்டது. அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கப்பல், நெசவாளி, பச்சைப் புள்ளி, எல்லாம். என் கட்டுரை அங்கேயே பாதி தயாராகிவிட்டது.

அப்பா என் பேச்சைக் கேட்கவில்லை. கடிகாரத்தின் பக்கவாட்டில் போய்க் குனிந்து, கொல்லனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை எவ்ளோ நேக்கா வருது பாரு. மேல போறப்ப மெதுவா, எறங்குறப்ப டக்குனு. இதைச் செஞ்சவன் கொல்லுப் பட்டறையில நின்னு பாத்திருக்கான்டா. பாக்காம இது வராது."

எனக்கு அது தோன்றவே இல்லை. உழைப்பவன் அந்தப் பொம்மையில் மறைந்துபோகிறான் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னொரு உழைப்பவனைப் பொறுமையாகப் பார்த்த ஒரு கைவினைஞன் அதே பொம்மையில் இருப்பதை அப்பா பார்த்தார். கப்பல் ஆட்டத்தைச் செய்த ஆம்ஸ்டர்டாம்காரனும் கரையில் நின்று அலையைப் பார்த்திருப்பான். வாங்கியவருக்காகச் செய்தான் என்பது உண்மை. பார்த்துத்தான் செய்தான் என்பதும் உண்மை. என் ஸ்கிரிப்டை நினைத்தேன். இடது ஒரு புள்ளி, வலது ஒரு புள்ளி. அதை எழுத நான் யாரையும் பார்க்கவில்லை. அந்தக் கொல்லன் பொம்மைக்கும் என் பொம்மைக்கும் உள்ள தூரம் அதுதான்.

"வெள்ளிக்கெழம மியூசியம் லீவுதானே?" என்றார் அப்பா திடீரென்று. வாசலில் எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறார்.

"ஆமாம்ப்பா."

"அன்னைக்கும் இவன் அடிப்பானா?"

"அடிப்பான். யாரும் நிறுத்த மாட்டாங்க."

"அப்ப அன்னைக்குத்தான் இவன் தனக்காக அடிக்கிறான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே தலையை ஆட்டிக்கொண்டார். "சேச்சே. ஆளு இல்லன்னா நிறுத்திட்டு உக்காரணும்டா."

காவல்காரன் எப்போதோ உள்ளே போய்விட்டிருந்தான். கூட்டம் கலைந்து அடுத்த கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பசிக்கிறது, போகலாம் என்று எழுந்தேன். அப்பா காலி நாற்காலிகளில் முன்வரிசையாகப் பார்த்து ஒன்றில் போய் உட்கார்ந்தார்.

"இருடா. எல்லாரும் போயிட்டாங்க. இவன் இன்னும் அடிச்சிக்கிட்டு இருக்கான்."